மூப்பு வருமுன் வதரி



திருமங்கையாழ்வார் அருளிச்செய்த பெரிய திருமொழியை முதலிலிருந்து ஓதி வருவோர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆழ்வார் அவதரித்த திருக்குறையலூர் சோழநாட்டில், சீர்காழிக்கு அணித்தே உள்ளது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் பல திவ்யதேசங்களை ஸேவித்துத் திரும்பக்கூடிய நாடு அது. திருநாங்கூரைச் சுற்றி மட்டும் பதினொரு திருப்பதிகள் உள்ளன. அவற்றையெல்லாம் பின்னுக்கு வைத்துவிட்டு, முதல் திருமொழியில் திருமந்திரம் பெற்ற பேற்றைப் பேசியவர், இரண்டாம் திருமொழியிலேயே இமயமலைச் சாரலில் நிற்கிறார். அது திருப்பிரிதி. அடுத்த இரண்டு திருமொழிகளும் வதரிக்கு, ஐந்தாவது சாளக்கிராமத்திற்கு, ஆறாவது நைமிசாரணியத்திற்கு. வீட்டு வாசலில் உள்ள பெருமாளை விட்டு, எட்டாத தொலைவில் உள்ள பெருமாளிடம் முதலில் ஓடுவானேன்?

இதற்கு ஒரு விடை ஸம்ப்ரதாயம் அறிந்தோர் யாவர்க்கும் தெரிந்ததே. திருவஷ்டாக்ஷரத்தை எம்பெருமான் தானே ஆசார்யனும் தானே சிஷ்யனுமாய், நாராயணனாக நின்று நரனுக்கு உபதேசித்த இடம் பதரிகாச்ரமம். வயலாலி மணவாளனிடம் அந்த மந்திரத்தைச் செவியில் பெற்றவர், அது பிறந்த மண்ணைத் தேடிப் போனார் என்பது பொருத்தமே.

மற்றொரு விடை உண்டு. அதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வதரியைப் பாடும் முதல் திருமொழி, அதாவது முதற்பத்தின் மூன்றாம் திருமொழி, பெருமாளைப் பற்றிப் பேசுமளவுக்குக் கிழத்தனத்தைப் பற்றியும் பேசுகிறது. கைத்தடியைத் துணையாகக் கொண்டு அடுத்த அடி எங்கே வைப்பது என்று குனிந்து பார்க்கும் நிலை, உடலெங்கும் நரம்பு புடைத்தெழுந்த தோற்றம், கண்ணில் பீளை, ஓயாத இருமல், முழங்கால் ஒன்றோடொன்று இடிக்கும் நடை, நினைவு தடுமாறி வேறெதையோ பேசும் வாய் என்று ஒன்றையும் விடாமல் சொல்லுகிறார். இளமையில் தான் அனுபவித்த சுகங்களை இருமலுக்கிடையே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் கிழவனையும் விட்டு வைக்கவில்லை. அப்படி ஆவதற்கு முன்னே வதரியை வணங்குவோம் என்பதே அத்திருமொழியின் பல்லவி போல வருவது. வைத்யசாஸ்த்ரம் எழுதுகிறவர்கூட முதுமையை இவ்வளவு நுணுக்கமாக எழுதுவாரா என்பது ஐயமே.

இந்த விவரிப்பை வெறும் வைராக்யோபதேசமாகக் கொள்வது வழக்கம். ‘உடல் நிலையற்றது, பகவானைப் பற்று’ என்பதே தாத்பர்யம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வர். அது தவறன்று, ஆனால் குறைவு. உடல் நிலையற்றது என்று மட்டும் சொல்ல விரும்பினால் அதை எந்தத் திருப்பதியின் பாசுரத்திலும் சொல்லியிருக்கலாம். வதரியைப் பாடும்போது சொன்னதற்குக் காரணம், அங்கே போக உடல் வேண்டும் என்பதே. மலை ஏறக் கால் வேண்டும். குளிர் தாங்க மார்பு வேண்டும். கண்டதை மனத்தில் வைத்துக்கொள்ளத் தெளிந்த புத்தி வேண்டும். இந்த மூன்றும் எப்போது கைவிடும் என்பதைத்தான் ஆழ்வார் வரிசையாக எழுதி வைத்தார்.

இன்று பூவிருந்தவல்லி, நூம்பல், ஐயப்பன்தாங்கல், அம்பத்தூர் வட்டாரங்களில் எந்த இல்லத்தில் கேட்டாலும் பத்ரி யாத்திரைக்கு ஒரே நாள்தான் குறிக்கப்பட்டிருக்கிறது: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள். பெண்ணின் விவாஹம் முடியட்டும், பிள்ளைக்கு உத்யோகம் கிடைக்கட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று காரணங்கள் நியாயமாகவே இருக்கும். எல்லாம் முடிந்து பெட்டியைக் கட்டும் வேளையில் முழங்காலோ இருதயமோ வைத்தியரிடம் போகச் சொல்லும். குடும்பக் கடமையை விட்டுவிட்டுப் போகும்படி ஆழ்வார் சொல்லவில்லை. நாற்பது வயதில் பதினைந்து நாள் விடுமுறை எடுத்துப் போய்வந்தால் எந்தக் கடமையும் கெட்டுவிடாது. அறுபத்தைந்தில் போகப் பார்த்தால் யாத்திரைதான் கெடும். இவ்வளவே செய்தி.

உடல் நலம் கருதி மலைக்குப் போவது என்பது நம் நாட்டில் இரு விதமாக வந்திருக்கிறது. ஆங்கிலேயர் 1820களில் உதகமண்டலத்தில் வீடு கட்டிக்கொண்டு குடியேறியது வெயிலுக்கு அஞ்சி. காற்று மாறினால் நோய் தீரும் என்பது அவர்கள் கொள்கை. அதில் உண்மையும் உண்டு. பின்னர் நம்மவரும் கோடையில் அங்கே சென்று தேறி வந்தனர். மற்றொரு விதத்தை மஹாபாரதம் ஆரண்யபர்வத்தில் காட்டுகிறது. அர்ஜுனன் அஸ்த்ரங்களைப் பெறுவதற்காகப் பிரிந்து சென்ற பின், காம்யகவனத்தில் தருமபுத்திரரும் தம்பிமாரும் த்ரௌபதியும் சோகத்தில் ஆழ்ந்து கிடக்கின்றனர். அந்தச் சோகத்திற்கு மருந்தாக வந்ததே தீர்த்தயாத்திரை. நாரதர் வந்து, முன்பு புலஸ்த்யர் பீஷ்மருக்குச் சொன்ன தீர்த்த மஹிமையை எடுத்துரைக்கிறார். கையும் காலும் மனமும் எவனுக்கு அடங்கியிருக்கின்றனவோ அவனே தீர்த்தபலத்தை அடைகிறான் என்பது அதில் முதன்மையான வசனம். பிறகு லோமச மஹரிஷி வழிகாட்டியாக வருகிறார்.

லோமசர் சொன்ன முதல் வார்த்தை இன்றைய யாத்ரிகர் ஒவ்வொருவரும் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிக்கொள்ளத்தக்கது. ‘லகுவாக இரு, லகுவானவனே விரும்பியபடி போவான்’ என்பது அதன் கருத்து. தருமபுத்திரர் அதைக் கேட்டு, பசி, தாகம், வழிநடைச் சிரமம், குளிர் ஆகியவற்றைப் பொறுக்க முடியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இனிய உணவிலேயே நாட்டமுள்ளவர்களும் திரும்பினர். சுமையைக் குறைத்த பின்பே புறப்பாடு. நம் யாத்திரைக் கோஷ்டிகள் சமையற்பாத்திரமும் ஊறுகாய் ஜாடியும் மூட்டை மூட்டையாகப் பஸ்ஸின் மேல் ஏற்றிச் செல்வதை எண்ணினால் லோமசர் என்ன சொல்வாரோ!

அப்படிக் கிளம்பியும் கந்தமாதன மலையில் புயலும் மழையும் தாக்கின. த்ரௌபதி நடக்கமாட்டாமல் மயங்கி விழுந்தாள். நகுலன் ஓடிவந்து தாங்கினான். பீமன் தன் மகன் கடோத்கசனை நினைக்க, அவன் வந்து அவளைச் சுமந்தான். அவனைச் சேர்ந்தவர்கள் மற்றவர்களைச் சுமந்தனர். இவ்வாறே அவர்கள் நரநாராயணாச்ரமத்தையும் அங்கிருந்த பெரிய இலந்தை மரத்தையும் அடைந்தனர். பதரீ என்றால் இலந்தை. மாட்டாதவர் பிறர் தோளில் ஏறிப் போவதில் இழுக்கில்லை என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டா. டோலியில் ஏறக் கூசும் வயோதிகர்கள் த்ரௌபதியை நினைத்துக்கொள்ளலாம்.

யாத்திரையின் வழியைச் சற்று விரிவாகக் காண்போம். சென்னையிலிருந்து ரயிலில் தில்லி, அங்கிருந்து ஹரித்வார், ரிஷிகேசம். ரிஷிகேசம் வரை சமவெளிக்காரர்களின் உடல் ஒன்றும் அறியாது. கடல்மட்டத்திற்கு மேல் 340 மீட்டர் அளவே உயரம். அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் தேவப்ரயாகை. இதுவே பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம்பத்தில் பாடிய கண்டமென்னும் கடிநகர். நீலமேகப் பெருமாள், புண்டரீகவல்லித் தாயார் என்று நம் பெரியோர் வழங்குவர். அவ்வூரார் ரகுநாதர் கோவில் என்பர். பாகீரதியும் அலகநந்தையும் கூடுமிடம் அது. கூடிய பின்புதான் கங்கை என்ற பெயர் வழங்குகிறது. பாகீரதி ஆரவாரித்துக்கொண்டு வரும். அலகநந்தை அடக்கமாக வரும். இருவரும் மாமியாரும் மருமகளும் என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. யார் மாமியார் என்பதைக் கரையில் நின்று பார்ப்பவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். நீரின் வேகம் கடுமையாதலால் படித்துறையில் இரும்புச் சங்கிலிகள் கட்டியிருக்கின்றனர். சங்கிலியை விடாமல் மூழ்குவது நலம். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது.

தேவப்ரயாகைக்கு மேல் ருத்ரப்ரயாகையில் மந்தாகினி, கர்ணப்ரயாகையில் பிண்டாரி, நந்தப்ரயாகையில் நந்தாகினி, விஷ்ணுப்ரயாகையில் தௌலிகங்கை என்று ஒவ்வொரு நதியாக அலகநந்தையில் வந்து சேரும். ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டரில் ஜோஷிமட். திருப்பிரிதி என்று பெரும்பாலோர் கொள்வது இத்தலத்தையே. அதற்கும் அப்பால் இமயத்தின் உட்புறத்தில் உள்ளதென்று கருதுவோரும் உண்டு. இங்கே நரஸிம்ஹன் ஸந்நிதி ப்ரஸித்தம். ஊர் சுமார் 1,875 மீட்டர் உயரத்தில் உள்ளது.

இவ்விடத்தில் ஆழ்வார் பாடிய வரிசையை மீண்டும் நினைக்க வேண்டும். முதலில் பிரிதி, பிறகே வதரி. இன்றைய வைத்தியர்களும் இதையே சொல்கின்றனர். பத்ரி ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் பத்தில் ஏழு பங்கே. ரிஷிகேசத்தில் அதிகாலை வண்டி ஏறி அன்று இரவே பத்ரியில் இறங்கினால் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை வருவது வியப்பன்று. ஜோஷிமட்டில் ஓரிரவு, முடிந்தால் ஈரிரவு தங்கி, உடலை அக்காற்றுக்குப் பழக்கிக்கொண்டு மேலே 45 கிலோமீட்டர் ஏறுவதே முறை. பிரிதிக்கு ஒரு திருமொழி பாடிவிட்டே ஆழ்வார் மேலே போகிறார். நாமோ அவ்வூரில் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டுப் போகிறோம்.

இருதய நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்த்மா உள்ளவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் காண்பது அவசியம். 2022ஆம் ஆண்டு யாத்திரைக் காலத்தில் இவ்வகை நோயுள்ள பலர் அம்மலைகளில் உயிரிழந்தனர். யாத்ரிகர் யாவரும் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தராகண்ட அரசு விதித்துள்ளது. ஆடி, ஆவணி மாதங்களில் மழையால் மலை சரியும். புரட்டாசி, ஐப்பசியில் வானம் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைவு.

மலையின் உடல்நிலையையும் சொல்லாமல் விடலாகாது. ஜோஷிமட் பழைய மலைச்சரிவின் மண்ணின்மேல் அமைந்த ஊர். அங்கே பெருங்கட்டடங்கள் கூடாதென்று 1976இலேயே ஒரு குழு எச்சரித்தது. 2021 பிப்ரவரியில் ரிஷிகங்கையிலும் தௌலிகங்கையிலும் திடீர் வெள்ளம் வந்து பலரைக் கொண்டுபோயிற்று. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்புக் கண்டு, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்குள்ள நரஸிம்ஹனின் ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்து வருகிறது, அது விழும் நாளில் பத்ரிக்கு வழி அடைபடும், பிறகு பவிஷ்யபத்ரியில்தான் ஸேவை என்பது அம்மலை மக்களின் ஐதிஹ்யம். ஆழ்வார் நம் உடல் மூப்பதற்கு முன் என்றார். வழியும் மூப்படையக் கூடும் என்பதை அந்த மக்கள் அறிந்திருக்கின்றனர். போகும் நாம் அங்கே வெந்நீருக்கும் பெரிய விடுதிக்கும் சண்டையிடாமல் இருப்பதும், எடுத்துப்போன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வருவதும் லோமசர் சொன்ன லகுத்வத்தில் அடங்கியதே.

1962ஆம் ஆண்டு சீனப் போருக்குப் பிறகு எல்லைப்புறச் சாலைகள் போடப்பட்டபோதுதான் பத்ரி வரை மோட்டார் செல்ல வழி ஏற்பட்டது. அதற்கு முன் போனவர்கள் வாரக்கணக்கில் நடந்தே போயினர். திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டு போனவர்களும் உண்டு. இன்று ஸந்நிதிக்கு அருகிலேயே வண்டி நிற்கிறது. நரபர்வதமும் நாராயணபர்வதமும் இருபுறம், பின்னே நீலகண்ட சிகரம், கீழே அலகநந்தை. பத்மாஸனத்தில் எழுந்தருளியிருக்கும் பத்ரிநாராயணனுக்கு, அரவிந்தவல்லித் தாயாருக்கு மங்களாசாஸனம். ஆராதனம் செய்யும் ராவல் கேரள தேசத்து நம்பூதிரி. வடகோடியில் தென்னாட்டவர் கை அர்க்யம் ஸமர்ப்பிப்பதைக் காணலாம். ஆற்றங்கரையில் தப்தகுண்டம். எங்கும் பனி சூழ்ந்திருக்க, பூமியிலிருந்து வெந்நீர் தானே சுரக்கிறது. வழியெல்லாம் நொந்த கால்களுக்கு அதைவிட இதமான சிகிச்சை வேறில்லை. பகவான் தன் சோதிக்கு எழுந்தருளுமுன் உத்தவரை அழைத்து, பதரிக்குப் போ, அலகநந்தையில் நீராடு, மரவுரி உடுத்திக் கிடைத்ததை உண்டு என்னை நினைத்திரு என்று நியமித்ததாக ஸ்ரீபாகவதம் ஏகாதசஸ்கந்தம் கூறுகிறது. உற்றாரெல்லாம் அழியப்போவதை அறிந்து கலங்கியவருக்கு அவன் கொடுத்த ஔஷதம் அது. இன்றும் குளிர்காலத்தில் நடை சாத்தும்போது உத்தவருடைய மூர்த்தி பாண்டுகேச்வரத்திற்கு எழுந்தருளி, வசந்தத்தில் மீண்டும் மேலேறுகிறது.

வதரியைப் பாடிய இரண்டாம் திருமொழியில் ஆழ்வார் அதைக் கங்கைக்கரைமேல் உள்ளதாகவே பாட்டுக்குப் பாட்டு அருளுகிறார். அங்கே ஓடுவது அலகநந்தையாயிற்றே என்று கேட்போர் உளர். கங்கை மேலிருந்து இறங்குகையில் ஸீதை, அலகநந்தை, சக்ஷுஸ், பத்ரை என நான்காகப் பிரிந்தாள் என்றும், பாரதவர்ஷத்துக்கு வந்தவள் அலகநந்தை என்றும் ஸ்ரீபாகவதம் பஞ்சமஸ்கந்தம் சொல்லுகிறது. ஆகவே ஆழ்வார் திருவாக்கில் முரண் இல்லை.

சாளக்கிராமம் நேபாளத்தில், கண்டகி நதியின் தலைப்பில், பத்ரியைவிட உயரத்தில் உள்ளது; முக்திநாத் என்று வழங்கும். அங்கே 108 தாரைகளில் நீராடுவர். அது தனி யாத்திரை. வேறொரு சமயம் விரிவாகப் பேசவேண்டிய விஷயம். நைமிசாரணியம் சமவெளியில் கோமதிக் கரையில் உள்ளது. மலையேறிய ஆழ்வார் அங்கே இறங்கி வந்து தம் குற்றங்களைச் சொல்லித் திருவடிகளில் விழுகிறார். பிறகு சிங்கவேள்குன்றம், பிறகு திருவேங்கடம். அதற்கும் பிறகு?

இதுதான் நம் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டியது. இரண்டாம்பத்தின் இரண்டாம் திருமொழி திருவெவ்வுள், மூன்றாவது திருவல்லிக்கேணி, நான்காவது திருநீர்மலை. மேற்கே திருவள்ளூர், கிழக்கே திருவல்லிக்கேணி, தெற்கே திருநீர்மலை. இம்மூன்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் நூம்பலும் பூவிருந்தவல்லியும் உள்ளன. இமயத்தில் தொடங்கிய அருளிச்செயல் நம் வாசலைச் சுற்றி வருகிறது. கால் கைவிட்டவர்கள், கையில் பொருளில்லாதவர்கள், நோயாளியை விட்டு நகரமுடியாதவர்கள் ஏங்கவேண்டா. வதரி நாராயணனே எவ்வுள்ளில் கிடந்த திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கிறான். வைத்ய வீரராகவன் என்றே அவனுக்குப் பெயர். ஹ்ருத்தாபநாசினியில் வெல்லம் கரைத்து, உடல் நோய் தீர வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றும் அமாவாஸைதோறும் நடைபெறுகிறது. ஆயினும் கால் உள்ளவர்கள் இதைச் சாக்காகக் கொண்டு வதரியைத் தள்ளிப்போடலாகாது. எவ்வுள் என்றும் இங்கேயே இருக்கிறது, கால்தான் இராது.

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சிநம்பிகளின் சரித்திரம் இவ்வட்டாரத்தில் குழந்தைகளும் அறிந்தது. எம்பெருமானுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்ய ஆசைப்பட்டு அவர் திருவரங்கம் போனார். காவிரிக்காற்றே போதும் என்றான் அரங்கன். திருமலை போனார், மலையே குளிர்ச்சி என்றான் வேங்கடவன். அக்னியிலிருந்து தோன்றிய காஞ்சி வரதனே, எனக்கு வெப்பம், நீ வீசு என்று ஏற்றுக்கொண்டான். ஆற்றங்கரையும் மலையும் தரும் சுகம் என்னவென்பதை எம்பெருமான் வாயாலேயே சொல்லக் கேட்டவர் அவர்.

வதரியில் இதற்கு நேர்மாறான கைங்கர்யம் ஒன்று நடக்கிறது. எல்லைக் கிராமமான மானாவில் உள்ள பெண்கள் ஒரு கம்பளம் நெய்து கொடுக்கின்றனர். நடை சாத்தும் நாளில் அதை நெய்யில் தோய்த்துப் பத்ரிநாராயணனுக்குப் போர்த்திக் கதவை மூடுவர். ஆறு மாதம் பனி. வசந்தத்தில் கதவு திறந்ததும் அக்கம்பளத்தின் இழைகளையே ப்ரஸாதமாக, முதலில் வந்து நிற்கும் யாத்ரிகர்களின் கையில் கொடுக்கின்றனர்.